என் சாம்பல், அவள் சாம்பல்

எங்கள் பெயின்ட் கம்பெனிக்குக் கலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சரியாக ராகுகாலத்தில். காலையிலேயே வந்திருக்க வேண்டியது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரோடு முழுக்க லாரிதான் என்று கலைக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. வெள்ளைக் காரிலிருந்து முதலில் இறங்கியது ஒரு துண்டு. நாம் தோளில் போடுகிற துண்டு இல்லை. கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றி முன்னால் தொங்கவிட்டது. புரட்டாசி வெயில் ஒரு பக்கம், பக்கத்து ரோலிங் மில்லின் அனல் ஒரு பக்கம். அதில் கழுத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஒருவர் இறங்குகிறார் என்றால், ஒன்று அவருக்குத் தொண்டைப் புண் இருக்க வேண்டும், இல்லை அவர் கலைத் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்க வேண்டும். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாலு மாதம் அதை நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

எங்கள் நிர்வாகத்துக்கு வருடம் ஒரு முறை சமூகப் பொறுப்பு வரும். ஒரு வருடம் மரக்கன்று நட்டார்கள். மறு வருடம் ஊருக்கெல்லாம் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுத் தூங்கினேன், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் கலை. வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது: 'கலையும் அறிவியலும் கைகோக்கும் படைப்புப் பயணம்.' கைகோக்க இரண்டு கை வேண்டுமே? கலையின் கை ஓவியர். அறிவியலின் கை யார் என்று ஆபீஸில் தேடியிருக்கிறார்கள். ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த இரண்டு பேரும் அந்த வாரம் திடீரென்று வெளியூர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவன் நான். வேதியியல் படித்தவன், வாயாடி, மேடையில் ஏற்றினால் நாலு பேரைச் சிரிக்க வைப்பான். அறிவியலுக்கு அது போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் செய்கிற வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கஸ்டமர் கொடுத்த மாதிரித் தகட்டையும் எங்கள் பெயின்ட் அடித்த தகட்டையும் ஒட்டி வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒரே நிறம் என்றால் 'பாஸ்' என்று கையெழுத்துப் போடுவேன். அதற்கென்று ஒரு ரூம், ஷேடு ரூம். உள்ளே பகல் வெளிச்சம் மாதிரி எரிகிற விளக்குப் பெட்டி. பக்கத்தில் நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்கிற மெஷின் ஒன்று. ஆனால் மெஷின் என்ன சொன்னாலும் கடைசிச் சொல் கண்ணுக்குத்தான், அதுவும் என் கண்ணுக்கு. நான் தலையாட்டாமல் ஒரு டிரம் வெளியே போகாது. ஒரு மனிதனுக்குத் திமிர் வர இது போதும். எனக்கு வந்திருந்தது.

அந்தத் திமிரோடு ஒரு புதுக் கண்ணாடியும் வந்திருந்தது. ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. ஃபிரேம் வாங்கினால் ஏதோ உசத்தி லென்ஸ் இலவசம் என்றார்கள். இலவசம் என்ற சொல்லுக்குப் பிறகு நான் எதையும் காதில் வாங்குவதில்லை. டியூப் லைட்டுக்குக் கீழே லென்ஸ் லேசாக ஊதா அடிக்கும். "இன்னாங்க, ஐடி கம்பெனிக்காரன் மாதிரி கீறீங்க" என்றாள் என் மனைவி. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓவியருக்கு நாற்பது வயது இருக்கும். 'அவர்' என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் வந்த இரண்டாவது நாளே என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள்; அதனால் அவள். அத்திப்பட்டுக்காரி. அப்பா கான்ட்ராக்ட் கூலி. இவள் சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, ஸ்கூல் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ரோட்டைப் பார்த்த மாதிரி எங்கள் கோடவுன் சுவர் ஒன்று இருக்கிறது. லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நீளமான சுவர். அது முழுவதும் ஒரே நிறம் அடிக்க வேண்டும். சாம்பல் நிறம். அவள் ஊர் அனல்மின் நிலையத்துச் சாம்பலின் நிறம்.

"வேற ஒண்ணும் வரைய மாட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. சாம்பல் மட்டும்."

"பூ, பறவை, கை கூப்பின பொம்பள?"

"அதெல்லாம் உங்க ஆபீஸ் காலண்டர்ல கீது."

பிடித்துப்போயிற்று.

சாம்பலில் செங்கல் போடுகிற இடத்தில் அவள் சித்தப்பா வேலை செய்கிறார். அங்கிருந்து தயிர் டப்பா நிறையச் சாம்பல் கொண்டுவந்தாள். அதைச் சலித்து, நிறமில்லாத பசையில் குழைத்து, ஒரு தகட்டில் பூசிக் காயவைத்தாள். அதுதான் மாதிரி. அசல் சாம்பல் தகடு. ஆனால் அசல் சாம்பலையே சுவர் முழுக்கப் பூசினால் ஐப்பசி மழையில் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் அதே நிறத்தை எங்கள் நிறமிகளைக் கலந்து, மழை தாங்குகிற பெயின்டாகச் செய்துதர வேண்டியது என் பொறுப்பு. கலை, அறிவியல், கை, கோப்பு எல்லாம் இவ்வளவுதான்.

ஒருங்கிணைப்பாளருக்கு இது போதவில்லை. நோட்டும் போனுமாக ஷேடு ரூமுக்கு வந்து உட்காருவார். "உங்கள் இருவரின் படைப்புச் செயல்பாடும் சந்திக்கிற புள்ளி எது?" என்பார். அவள் என்னைப் பார்ப்பாள். நான் சீலிங்கைப் பார்ப்பேன்.

"டீ சார்," என்றேன் ஒரு நாள். "பதினோரு மணிக்கு வரும். அங்கதான் சந்திப்போம்."

எழுதிக்கொண்டார். சத்தியமாக எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கூட்டத்தில் 'தேநீர் என்னும் இடைவெளி' என்று அது திரும்பி வந்ததை என் காதாலேயே கேட்டேன்.

அந்த ஆளின் கண்ணுக்குப் படாத ஒன்று இருந்தது. படவே படாது, ஏனென்றால் அதில் பேச்சு கிடையாது. தகட்டில் பெயின்டை இழுத்துவிட்டு அவளும் நானும் ஒரே மாதிரித் தலையைச் சாய்ப்போம். ஒரே மாதிரிக் கண்ணை இடுக்குவோம். ஈரத்தில் நிறம் பொய் சொல்லும், காய்ந்தால்தான் உண்மை தெரியும். அதனால் ஃபேனுக்குக் கீழே தகட்டை வைத்துவிட்டு இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். காய்ந்ததும் ஒரே நேரத்தில் கை நீளும். கறுப்பை அவள் தீக்குச்சி முனையில் தொட்டு விடுவாள். நான் கண்ணாடிக் குச்சியில் தொட்டு விடுவேன். ஒரு சொட்டுக் கூடினால் இரண்டு பேருக்கும் வருவது ஒரே கெட்ட வார்த்தை. நான் வாய்விட்டுச் சொல்வேன், அவள் வாய்க்குள் சொல்வாள்.

இப்படி இரண்டு வாரம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் நான் ஒரு தகட்டைக் காயவைத்து, அசல் சாம்பலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். கோடே தெரியவில்லை. இரண்டும் ஒன்று. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தாள். "நீலமா கீதேண்ணா."

"எங்க நீலம்?"

"உன்னுதுல. நல்ல நீலம்."

"நீலமே இல்லம்மா. சரியா பாரு."

"பாத்துக்கினுதான கீறேன்?"

அவளே கலந்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். எனக்கு அது பழுப்பாகத் தெரிந்தது. மஞ்சள் ஏறின பழைய பேப்பர் மாதிரி. அவளுக்கு அது அச்சு அசல் சாம்பல். பேசிப் பேசிக் குரல் ஏறியது. சரி, பஞ்சாயத்துக்கு மெஷின் இருக்கிறதே என்று இரண்டையும் அதில் வைத்தேன். அவளுடையது சரி என்றது. என்னுடையதில் நீலம் அதிகம், ரொம்ப அதிகம் என்றது.

"மெஷினுக்கு வயசாயிடுச்சு," என்றேன். "சர்வீஸுக்கு ஆள் வரணும்."

வெளியே அப்படிச் சொன்னேன். உள்ளே ஒருவன் தரையில் உருண்டுகொண்டிருந்தான். மெஷினுக்கு வயசாகவில்லை. எனக்குத்தான் ஆகிவிட்டது. வயசானால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளடிக்கும், முதலில் மங்குவது நீலம் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். படித்தவனுக்குப் பயம் வந்தால் அதற்கு அடிக்குறிப்பெல்லாம் சேர்ந்து வரும். நீலம் தெரியாத ஷேடு ரூம்காரன் என்றால், தாளம் தெரியாத மிருதங்கக்காரன். அதற்கு மேல் தை மாதம் வருடாந்திர மெடிக்கல். ஷேடு ரூம் ஆளுக்கு நிறப் பரிசோதனை உண்டு. தேறாவிட்டால் மறுநாளே டிஸ்பாட்ச். டிரம் எண்ணி லாரி ஏற்றுகிற வேலை. டிஸ்பாட்சில் இருப்பவன் என் கூட்டாளி, என்னைவிடப் பெரிய வம்பன். விளையாட்டாக அவனிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"கவலப்படாதபா," என்றான். "ஃபேன் காத்து வர்ற பக்கமா உனுக்கு ஒரு டேபிள் காலி பண்ணி வெக்கிறேன்."

இந்த நீலச் சண்டை ஒருங்கிணைப்பாளர் காதுக்குப் போனது. மனிதர் துண்டு பறக்க ஓடிவந்தார். "நீங்கள் நீலம் பார்க்கவில்லை, அவர் பார்க்கிறார். இதுதான்! இதற்காகத்தான் காத்திருந்தேன்!" என்றார். ஒரே சாம்பலைக் கலையின் கண் ஒரு விதமாகவும் அறிவியலின் கண் வேறு விதமாகவும் காண்கிறதாம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ மிதக்கிறதாம். சுவரெல்லாம் இனி தேவையில்லை; நிறம் பொருந்தவும் தேவையில்லை; பொருந்தாமைதான் படைப்பு. டிரெய்னிங் ஹாலில் ஆள் உயரத்துக்கு இரண்டு பலகை. ஒன்றில் அவள் குழைத்த அசல் சாம்பல், தலைப்பு 'கலையின் சாம்பல்'. மற்றதில் நான் கலந்த பெயின்ட், தலைப்பு 'அறிவியலின் சாம்பல்'.

அறிவியல் கருவி என்று அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே மெஷின் கலையின் பக்கம் சாட்சி சொல்லியிருந்தது. அதை நான் எடுத்துச் சொன்னேன். "அதுதான் முரணின் அழகு" என்றார். இந்த மாதிரி ஆட்களிடம் தோற்கவே முடியாது. எதை எறிந்தாலும் பிடித்து மாலையாகப் போட்டுக்கொள்வார்கள்.

அன்றைக்கு டீ குடிக்கும்போது அவள், "செவுரு போச்சுல்லண்ணா" என்றாள். அவளுக்குச் சுவர் போயிற்று, எனக்குக் கண் போயிற்று. என் கண்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. தெரிந்தது என்ற சொல்லையே அப்போது நான் சந்தேகமாகத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த வாரங்களில் நான் செய்ததையெல்லாம் எழுதினால் வேதியியல் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். கேரட் தின்றேன். பச்சையாக, டிபன் பாக்ஸில் எடுத்துப்போய், கடித்துக் கடித்துத் தின்றேன். பொன்னாங்கண்ணிக் கீரையைப் பொரியலாக, கூட்டாக, கடைசியில் காலை நாஷ்டாவுக்கே கேட்டபோது மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா ஆச்சு உங்களுக்கு? ஊட்ல முயலு வளக்குற மாதிரி கீது."

"உடம்புக்கு நல்லதுடி."

"உடம்புக்கா, யாருக்காவது காட்டவா?"

அந்தச் சந்தேகம் அவள் பார்வையில் எனக்கு ஒரு மரியாதை சேர்ப்பதாக இருந்ததால் மறுக்கவில்லை.

நிறக்குருடு கண்டுபிடிக்கிற புள்ளிப் படங்கள் இருக்குமே, புள்ளிகளுக்கு நடுவில் ஒரு எண் ஒளிந்திருக்கும், அவற்றைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு வரிசையாக மனப்பாடம் செய்தேன். பொதுவாக அந்தப் படங்கள் சோதிப்பது சிவப்பையும் பச்சையையும். என் கவலை நீலம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பஸ்ஸில் உட்கார்ந்து பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர் மந்திரம் என்று நினைத்துக் கால்களை மடக்கிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை துணிந்து திருவள்ளூருக்குப் போனேன். கும்மிடிப்பூண்டியிலேயே கண் டாக்டர் உண்டு. ஆனால் அங்கே கம்பெனி ஆள் யாராவது பார்த்துவிட்டால்? கோர்ட்டுக்கு வந்த ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். எதிரே ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டின பெரியவர், இன்னொரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டார். ஒரு தரம், இரண்டு தரம். "அவர் வெளிய போயிட்டாரும்மா" என்று சொன்னேன். நானே சொன்னேன். சொல்லிவிட்டு, அவரைத் தேடிக்கொண்டு வருகிறவன் போல வெளியே வந்து, நேராக ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தேன். சென்ட்ரல் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது.

மார்கழியில் திறப்பு விழா. சாயங்காலம் எம்.டி. வருகிறார், சென்னையிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். மத்தியானம் ஹாலில் அவளும் நானும் பலகைகளுக்கு விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தோம். முகம் கழுவக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். திரும்பி வந்தால் என் கண்ணாடி அவள் மூக்கில். மூக்கு நுனிக்கு இறக்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, என்னை மாதிரியே நடந்து காட்டினாள்.

"பாஸ் இல்ல! எடுத்துனு போ! யாருய்யா இத மிக்ஸ் பண்ணது?"

அப்படியே நடந்துபோய்ப் பலகைகளின் முன்னால் நின்றவள் திரும்பவில்லை.

"அண்ணா."

"இன்னா?"

"லைட்ட மாத்துனியா?"

"நான் இப்பதான வரேன்."

"நீலம் போயிடுச்சுண்ணா." கண்ணாடியைக் கழற்றினாள். "வந்துடுச்சு." மாட்டினாள். "போயிடுச்சு." மறுபடி கழற்றி, லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, பிறகு ஒரு வெள்ளைப் பேப்பர் மேல் வைத்தாள். வெறும் பேப்பர் வெள்ளையாக இருந்தது. லென்ஸுக்குக் கீழே இருந்த பேப்பர் நெய் தடவின மாதிரி இருந்தது. "இது இன்னா கண்ணாடிண்ணா? ப்ளூ கட்டா?"

ப்ளூ கட். கடைக்காரர் சொன்னார். இலவசம் என்ற சொல்லுக்குப் பிறகு சொன்னார். போன் பார்க்கிறவர்களுக்காக நீல வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுத்து நிறுத்துகிற லென்ஸ். நிறம் பார்த்துச் சம்பாதிக்கிறவன் ஒருவன், நீலத்தை வடிகட்டுகிற கண்ணாடியைச் சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டிக்கொண்டு, நீலத்தைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறான்.

கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருக்கிற எதுவும் எனக்குத் துலங்காது; அதனால்தான் கழற்றிப் பார்க்கத் தோன்றவே இல்லை. நாற்காலி அடுக்க ஆட்களோடு வந்திருந்த என் டிஸ்பாட்ச் கூட்டாளியின் மூக்கிலிருந்து அவன் கண்ணாடியைப் பிடுங்கினேன். எலெக்ட்ரிக் ட்ரெயினில் கூவி விற்கிறவரிடம் வாங்கியது. எந்த உசத்தியும் இல்லாத சாதாக் கண்ணாடி.

"யோவ், இன்னாபா இது பேஜாரு!" என்றான் அவன்.

மாட்டிக்கொண்டு பார்த்தேன். என் பலகை, நீலமே இல்லை என்று நான் சத்தியம் செய்த பலகை, சொட்டு நீலம் அதிகமாகப் போட்டு அலசின வேட்டி மாதிரி நின்றது. அத்தனை நீலம். எனக்குத் தெரிந்தது. அத்தனையும் தெரிந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், வேறு ஏதோ சத்தம் வந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள். நல்ல பெண்.

அப்படியானால் இத்தனை மாதம் நான் பாஸ் போட்டு அனுப்பிய டிரம்கள்? அந்தப் பயமும் ஒரு நிமிஷம் வந்து போனது. ஆனால் எங்கள் அன்றாட வேலையில் கஸ்டமர் மாதிரியிலும் நாங்கள் கலக்கிற பேட்சிலும் இருப்பது ஒரே நிறமிகள். கண்ணாடி எதைத் தின்றாலும் இரண்டிலும் சமமாகத் தின்றிருக்கும், பொருத்தம் கெடாது. சாம்பல் அப்படி இல்லை. அது மண்ணுக்குள்ளிருந்து வந்து உலையில் வெந்தது. என் பெயின்ட் டப்பாவிலிருந்து வந்தது. அதனால் கண்ணாடி சாம்பலின் நீலத்தைக் குறைவாகவும் என் பெயின்டின் நீலத்தை அதிகமாகவும் தின்றது. நான் அதை ஈடுகட்ட நீலத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். இது நான் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிற விஷயம். ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்றும் அதே வகுப்பில் சொல்வேன். விளக்கை மாற்றினேன், நிறமியை மாற்றினேன், மெஷினைத் திட்டினேன், கேரட் தின்றேன். மூக்கின் மேல் இருந்ததை மட்டும் மாற்றவில்லை. விளையாட்டுக்கு அவள் மாற்றினாள்.

ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தில் ஒரு கணம் பயம் ஓடியது. அந்த ஒரு கணம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டார்.

"கண்ணாடி! பார்வைக்கும் உலகுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி! அற்புதம். ஆனால் இதை இன்றைக்குச் சொல்ல வேண்டாம். இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்."

சாயங்காலம் விழா. முதல் இரண்டு வரிசையில் மேலாளர்களும் விருந்தினர்களும். மேடையில் இருந்து பார்த்தேன்: டியூப் லைட்டுக்குக் கீழே வரிசையாக மூக்குக் கண்ணாடிகள், பாதிக்கு மேல் லேசாக ஊதா அடித்தன. எம்.டி.யுடையது நன்றாகவே அடித்தது. என் ஜாதிக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு பார்த்தால் பலகைகள் இரண்டும் ஒன்று. எனக்குத் தெரியாதா, மாதக்கணக்கில் பார்த்தவன். ஒருங்கிணைப்பாளர் பேசப் பேச அந்த ஊதாக் கண்ணாடிகள் எல்லாம் இடது பலகையைப் பார்த்தன, வலது பலகையைப் பார்த்தன, ஆழ்ந்து தலையாட்டின. எம்.டி. எழுந்து நின்று, "எவ்வளவு பெரிய வித்தியாசம்! இதைப் பார்க்க ஒரு பக்குவம் வேண்டும்" என்றார். கைதட்டல். பின்வரிசையில் கேன்டீன் அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஒண்ணு நீலம், ஒண்ணு சாம்பலு. இதுக்கு இன்னாத்துக்குக் கூட்டம்?" என்றார். பக்குவம் இல்லாதவர்.

அறிவியல் சார்பில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன். "இது ரெண்டும் ஒரே நிறமா இருக்க வேண்டியது. வித்தியாசம் கலையுது இல்ல, அறிவியலுதும் இல்ல. என் கண்ணாடியுது. ஆடித் தள்ளுபடில வாங்கினது." ஹாலே சிரித்தது. எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாழ்நாள் முழுக்கக் கோமாளித்தனம் செய்தவன் ஒரு நாள் உண்மையைச் சொன்னால், கிடைப்பது கைதட்டல்தான். ஒருங்கிணைப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் கட்டம் போயிற்றே என்ற வருத்தம்.

அவர் மறுவாரமே கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். அங்கே ஒரு பம்ப்செட் கம்பெனியில் நாட்டியமும் நீரியலும் கைகோக்கின்றன என்று கேள்வி. நீருக்கு என் அனுதாபங்கள்.

நானும் அவளும் விழாவுக்கு மறுநாளே ஷேடு ரூமில் உட்கார்ந்தோம். என் பழைய கண்ணாடியை வீட்டு அலமாரியிலிருந்து தேடி எடுத்துவந்திருந்தேன். ஒரு பக்கக் காது உடைந்து, இன்சுலேஷன் டேப் சுற்றியது. பேச்சே இல்லை. அவள் தீக்குச்சி முனையில் கறுப்பைத் தொட்டாள், நான் "போதும்" என்றேன். நான் வெள்ளையை எடுத்தேன், அவள் என் கையைத் தட்டிவிட்டாள். ஃபேன் ஓடியது. காய்ந்ததை எடுத்து ஒட்டிவைத்தோம், தலையைச் சாய்த்தோம், கண்ணை இடுக்கினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. நாலு மாதம் கைகோத்ததில் நடக்காதது, கைகளை விட்டுவிட்டு வேலையைப் பார்த்ததும் நடந்தது. மெஷினில் வைத்தேன். சரி என்றது. அதனிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

சுவர் வேலையை யாரும் முறைப்படி ரத்து செய்திருக்கவில்லை. சுவரை மறந்துபோயிருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் மறதியால் கெட்டதைவிட நடந்தது அதிகம். நான் பாஸ் கையெழுத்துப் போட்டேன், டிரம்கள் இறங்கின.

தை மாதம் மெடிக்கல். டாக்டர் புள்ளிப் படப் புத்தகத்தைத் திறந்தார். அவர் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டேன். மனப்பாடம் மறக்கவில்லை.

"பாத்துச் சொல்லுங்க சார்," என்றார்.

பார்த்துச் சொன்னேன். அதன் பிறகு வேறு ஒரு சோதனை வைத்தார்; நீல வில்லைகளை வெளிறியதிலிருந்து அடர்த்தி வரைக்கும் வரிசையாக அடுக்க வேண்டும். அடுக்கினேன். சரி, போகலாம் என்றார். இன்னொரு தரம் அடுக்கட்டுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டிஸ்பாட்ச் கூட்டாளிதான் பாவம், முகம் தொங்கிப்போயிற்று. "ஃபேன் பக்கத்து டேபிள் வீணாப் போச்சேபா" என்றான்.

சுவர் அடித்து முடித்து ஒரு வாரம் கழித்து அவள் பார்க்க வந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரமாக, கையில் டீயோடு நின்றுகொண்டு பார்த்தோம். லாரிகள் போயின. கோடவுன் சுவர், அதன் கீழே ரோட்டோரத் தூசி, மேலே மில் புகை படிந்த தகரம். எது சுவர் முடிகிற இடம், எது தூசி தொடங்குகிற இடம் என்று சொல்ல முடியவில்லை. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி பீடி வாங்க இந்தப் பக்கம் வந்தவர், எங்களோடு சேர்ந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

"ஏன் சார்," என்றார் என்னிடம், "டிரம்மு எல்லாம் எறக்கி எவ்ளோ நாளாச்சு. எப்பதான் இந்தச் செவுத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்கோ?"

அவள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். டேப் சுற்றின கண்ணாடி டீயில் விழுந்தது.